பரிசுக் கூடைத் தொழில்: ரிப்பனுக்கு முன் நாட்காட்டி

கூடையை அழகாகக் கட்டத் தெரிந்தால் போதும், தொழில் தானாக நடக்கும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். மதுரையில் எங்கள் வீட்டு முன்னறை, பழைய சாப்பாட்டு மேசை ஒன்று, இரண்டு கத்தரிக்கோல், ஒரு பை நிறைய ரிப்பன். முதல் தீபாவளிக்கு 24 கூடைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. கடைசி நேரத்தில் திண்டாடக் கூடாதென்று பத்து நாட்களுக்கு முன்பே எல்லாவற்றையும் கட்டி வரிசையாக அடுக்கி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கண்காட்சி மாதிரி இருக்கிறது என்றார்கள். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

கொடுத்த மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, முறுக்கு நமுத்துப் போயிருக்கிறது" என்றார். அப்புறம் இன்னொருவர். மொத்தம் ஆறு பேர். காற்றுப் புகாமல் ஒட்டாத உறையில் போட்ட முறுக்கு மழைக்காலத்தில் பத்து நாள் எப்படித் தாங்கும்? கட்டத் தெரிந்த கை எனக்கு இருந்தது. கணக்கிட வேண்டிய தேதி என் மூளையில் இல்லை. அன்று முதல் இதை நான் அலங்காரத் தொழில் என்று சொல்வதில்லை. பண்டம் எத்தனை நாள் தாங்கும், கூடை என்றைக்குப் போய்ச் சேர வேண்டும், ஆர்டரை என்றைக்கு நிறுத்த வேண்டும், பணம் என்றைக்கு வரும் என்ற நான்கு தேதிகளைக் கையாளத் தெரிந்தவர்கள்தான் இதில் நிற்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த நான்கையும் சுற்றியேதான் இருக்கும்.

முதலில் ஒரு நாட்காட்டி வாங்குங்கள்

தமிழ்த் தேதியும் முகூர்த்த நாளும் அச்சிட்ட தினசரி நாட்காட்டி. ரிப்பன் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

தை பிறந்தால் பொங்கல் சீர், தொடர்ந்து கல்யாணங்கள். மாசி, வைகாசி, ஆவணி எல்லாம் முகூர்த்தக் காலம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். அந்த மாதங்களில் வேலையே இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஆடியில் புதுமணத் தம்பதிக்குச் சீர் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. புரட்டாசியில் நவராத்திரி வரும். கொலுவுக்கு வரும் பெண்களுக்குக் கொடுக்கத் தாம்பூலப் பை ஐம்பது, நூறு என்று கேட்பார்கள். மார்கழியில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஆள் வரும். தலைதீபாவளிச் சீர் தனி வருமானம். அதில் மாமனார் வீட்டுக் கௌரவம் கலந்திருப்பதால் பேரமும் குறைவு.

நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் தீபாவளிக் கூடை வேறு வகை. பண்டிகை ஐப்பசியில் என்றால் அவர்கள் விலை கேட்பது ஆவணியிலேயே தொடங்கிவிடும். புரட்டாசிக் கடைசியில் போய் நின்றால் வேறு யாருக்காவது ஆர்டர் போயிருக்கும். முதல் ஆண்டே நிறுவன ஆர்டருக்கு ஓடாதீர்கள் என்பது என் கருத்து. நூறு கூடைக்கான பொருளை உங்கள் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு, காசோலைக்காக இரண்டு மாதம் கணக்குப் பிரிவு வாசலில் நிற்பதற்கு முதல் ஆண்டில் யாரிடமும் தெம்பு இருக்காது.

மூன்று மாதிரி போதும்

தொடங்குபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, "எது கேட்டாலும் செய்து தருகிறோம்" என்று அறிவிப்பது. ஒருவர் சாக்லேட் கூடை கேட்பார், ஒருவர் சோப்பும் மெழுகுவர்த்தியும் கேட்பார், இன்னொருவர் குழந்தைக்கு டயாப்பர் கோபுரம் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் மொத்தமாக வாங்கி, பாதியை விற்று, மீதியை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிவரும். என் அலமாரியில் இப்போதும் ஊதா நிற மெழுகுவர்த்தி 14 இருக்கின்றன. வேண்டுமானால் சொல்லுங்கள்.

மூன்று மாதிரிகளை முடிவு செய்யுங்கள். 500 ரூபாய்க்குள் ஒன்று, 1,000 ரூபாய் அளவில் ஒன்று, 2,000க்கு மேல் ஒன்று. மூன்றிலும் குறைந்தது நான்கு பொருட்கள் பொதுவாக இருக்கட்டும். அப்போதுதான் மொத்தமாக வாங்கும் பொருள் தேங்காது. என் நடு மாதிரி தென்மாவட்டப் பண்டங்களால் ஆனது: கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, உடன்குடி கருப்பட்டி, கொஞ்சம் முந்திரி, ஒரு சிறிய பித்தளை விளக்கு. முதல் மூன்றுமே, ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் புவிசார் குறியீடு பெற்றவை. கடலை மிட்டாய்க்கு 2020இலும் மற்ற இரண்டுக்கும் 2023இலும் கிடைத்தது. அந்தப் பெயர்களுக்கு மரியாதை உண்டு; அதனாலேயே வேறு ஊரில் செய்த மிட்டாயில் கோவில்பட்டி என்று சீட்டு ஒட்டக் கூடாது. சட்டப்படியும் தவறு, தின்று பழகியவர் கண்டுபிடித்தும்விடுவார்.

உள்ளூர்ப் பண்டங்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் கூடைக்குள் அடுக்கினால், வாங்கியவர் இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றின் விலையையும் கைபேசியில் தேடிக் கூட்டிப் பார்ப்பார். எனக்கு நேர்ந்திருக்கிறது. "உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து 480 ரூபாய்தான் வருகிறதே அக்கா" என்று மறுநாள் காலையிலேயே செய்தி வந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் எந்தப் பொருளையும் விற்க முடியாது. ஆகவே கூடை, அலங்காரம், கைவேலை ஆகியவற்றைப் பில்லில் தனியாகக் காட்டுவது நல்லது. எளிதில் ஒப்பிட முடியாத பொருள் ஒன்றாவது கூடைக்குள் இருப்பது அதைவிட நல்லது.

கூடை எங்கே கிடைக்கும்

மூங்கில், பிரம்பு, பனை ஓலை, ஒயர் ஆகிய நான்கும் எங்கும் கிடைப்பவை. மூங்கில் மலிவு. ஆனால் வாங்கும்போது கவிழ்த்து வெள்ளைத் தாள்மேல் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் மாவு உதிர்ந்தால் உளுத்துவிட்டது என்று பொருள்; அந்தக் கட்டில் ஒரு கூடைகூட வாங்க வேண்டாம். மழைக்காலத்தில் மூங்கில் பூஞ்சை பிடிக்கும். சுவரோரம் அடுக்காமல், மரச் சட்டத்தில் காற்றுப் படும்படி வையுங்கள். பயன்படுத்துமுன் ஒரு நாள் வெயில் காட்டுங்கள்.

பனை ஓலையில் எனக்குப் பிடித்தது செட்டிநாட்டுக் கொட்டான். நகரத்தார் வீட்டுப் பெண்கள் சடங்குகளுக்காகப் பின்னிவந்த கூடை அது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. சாயம் தோய்த்த ஓலையில் கட்டம் கட்டமாகக் கோலம் ஓடும். விலை கூடத்தான். ஆனால் பண்டம் தீர்ந்த பிறகு யாரும் அதை எறிவதில்லை. பூஜை அறையிலோ அழகுமேசையிலோ உட்கார்ந்துகொண்டு உங்களை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அடியில் உங்கள் கடைப் பெயரும் எண்ணும் எழுதிய சின்னத் துணிச்சீட்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள். எனக்குக் கிடைத்த விளம்பரத்தில் இதுதான் மலிவானது.

அளவில்தான் ஏமாறுவார்கள். பெரிய கூடை வாங்கினால் நிறையப் போட்டதுபோல் தெரியும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பெரிய கூடையில் ஏழு பொருள் வைத்தால் வறுமை தெரியும். அதே ஏழு பொருளையும் சின்னக் கூடையில் வைத்தால் நிறைந்து வழியும். பொருட்களை முதலில் வாங்கி, மேசைமேல் குவித்து, அந்தக் குவியலை அளந்துகொண்டு பிறகு கூடைக்குப் போங்கள்.

மதுரையில் இருப்பவர்களுக்கு மளிகையும் உலர்பழமும் கீழமாசி வீதியில் மொத்த விலைக்குக் கிடைக்கும். ரிப்பன், சரிகை, மணி போன்றவற்றுக்கு எழுகடல் தெரு. சென்னை என்றால் பாரிமுனை. தாளுக்கும் அட்டைக்கும் அங்கே ஆண்டர்சன் தெருவே போதும். எந்த ஊரானாலும் முதல் தடவை எதையும் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். இரண்டாம் தடவைதான் பையோடு போக வேண்டும்.

உள்ளே வைப்பதும் வைக்கக் கூடாததும்

பண்டத்தை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வேன். ஒரு மாதத்துக்கு மேல் தாங்குபவை: முந்திரி, பாதாம், கருப்பட்டி, தேயிலைத் தூள், தேன். சில வாரங்கள் தாங்குபவை: நன்றாக ஒட்டிய உறையில் இருக்கும் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய். சில நாட்களே தாங்குபவை: பால் இனிப்பு எல்லாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. குளிர்பெட்டி இல்லாமல் அது அதிக நாள் நிற்காது. கொடுக்கும் அன்று காலை வந்து இறங்கினால் மட்டுமே வைப்பேன். வெளியூருக்கு அனுப்பும் கூடையில் வைக்கவே மாட்டேன். எத்தனை பேர் கெஞ்சினாலும் இதில் இளகாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் சாக்லேட் கூடை வேண்டாம். மதுரை வெயிலில் ஆட்டோவில் அரை மணி நேரம் போனால் கூழாகிவிடும்.

பலரும் யோசிக்காதது வாசனை. ஒருமுறை புதுமனைப் புகுவிழாக் கூடையில் சந்தன ஊதுபத்திக் கட்டையும் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் மூடிக் கிடந்தது. மிட்டாயைக் கடித்தால் கோயில் பிராகாரத்தையே கடித்ததுபோல் இருந்தது. சோப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனை மெழுகுவர்த்தி எதுவும் தின்பண்டத்தோடு ஒரே கூடையில் சேர வேண்டாம்.

வாங்குபவரின் வீட்டு வழக்கத்தைத் தயங்காமல் கேளுங்கள். கேக்கிலும் சில சாக்லேட்டிலும் முட்டை சேர்ந்திருக்கும். சைவ வீட்டுக்குப் போகும் கூடை என்றால் ஒவ்வொரு உறையிலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மங்கல நிகழ்ச்சிக்குக் கறுப்பு ரிப்பன் கூடாது. கத்தி, கத்தரிக்கோல் போன்ற கூர்மையான பொருளும் கூடாது. சீர்வரிசைத் தட்டுகள் 9, 11, 21 என்று ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு கதை. பத்துத் தட்டு கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கிவிட்டு, மாப்பிள்ளையின் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அவசரமாக ஒரு எவர்சில்வர் தட்டில் வாழைப்பழச் சீப்பு வைத்துப் பதினொன்றாக்கினோம்.

கட்டும் முறை

கூடை அடியில் அட்டையை வெட்டிப் போடுங்கள். அதன்மேல் கசக்கிய தாளை நிரப்பி, பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரிவு அமையுங்கள். செய்தித்தாளைப் பண்டம் தொடும் இடத்தில் வைக்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும், விதியும் அனுமதிக்காது. சரிவுக்கு மேல் துணியையோ வண்ணத் தாள் சீவலையோ பரப்பினால் அடிவேலை மறைந்துவிடும்.

எடை கூடிய பொருள் நடுவில், அடியில். கண்ணாடிப் பாட்டில் இருந்தால் அதை ஒரு சிறு துண்டில் சுற்றி நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் வைத்தால் கூடை அந்தப் பக்கமே சாயும். உயரமானவை பின்னால், பெயர்ச்சீட்டு முன்னால் தெரியும்படி. சின்னப் பொட்டலங்கள் முன்வரிசையில், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒட்டும் டேப்பைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பயன்படுத்துங்கள். தலைகள் மூன்று உயரத்தில் இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் ரேஷன் கடைத் தராசுபோல் தெரியும்.

இனி நான் விடாமல் செய்யும் சோதனை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, பத்து எண்ணும்வரை குலுக்குவேன். ஏதாவது நகர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். புது மாதிரியாக இருந்தால் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்துத் தெருவை ஒரு சுற்று வருவேன். எங்கள் தெருவில் மூன்று வேகத்தடைகள் இருக்கின்றன. மூன்றையும் தாண்டி வந்த கூடை எங்கேயும் போகும்.

மேலே போர்த்துவதற்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளைத்தான் எல்லாரும் தேடுவார்கள். இனிப்புப் பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவற்றில் அடக்கம். நான் நெட் துணிக்கு மாறிவிட்டேன். மீட்டர் கணக்கில் வாங்கினால் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. காற்றும் போகும், உள்ளே வேர்க்காது.

விலை போடுவது

இங்கேதான் பாதிப்பேர் தோற்கிறார்கள். 1,000 ரூபாய்க் கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது வெறும் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பண்டங்கள் 430, கூடை 120. ஆக 550. மீதி 450 லாபம் என்று மனம் துள்ளும். பொறுங்கள். துணி, ரிப்பன், டேப், வாழ்த்து அட்டை 45. வெளிப் பெட்டி 35. சந்தைக்குப் போய்வந்த பெட்ரோலிலும் ஆட்டோவிலும் இந்தக் கூடையின் பங்கு 60. கட்டுவதற்கும் வாடிக்கையாளரோடு பேசுவதற்கும் ஆன நேரத்துக்கு 70. உடைந்தது, நமுத்தது, பேரப்பிள்ளை தின்றது என்று சேதாரம் 20. மொத்தச் செலவு 780. கையில் நிற்பது 220.

இப்போது ஒருவர் "நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்களேன்" என்கிறார். அவர் பார்வையில் அது பத்தில் ஒரு பங்கு. உங்களுக்கோ லாபத்தில் ஏறக்குறையப் பாதி. விலையைக் குறைக்காமல் பொருளைக் குறைக்கப் பழகுங்கள். "900க்கும் செய்யலாம், விளக்குக்குப் பதில் மண் அகல் வைக்கிறேன்" என்று சொன்னால் பத்தில் ஏழு பேர் விளக்கே இருக்கட்டும் என்பார்கள்.

உங்கள் உழைப்புக்கான 70 ரூபாயை விட்டுவிடாதீர்கள். "வீட்டிலிருந்துதானே செய்கிறாய்" என்று சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சலுகை கொடுப்பதானால் பில்லில் முழு விலையை எழுதி, சலுகையைக் கழித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறைந்த விலைதான் உங்கள் விலை என்று குடும்பம் முழுவதும் பரவிவிடும்.

முன்பணம் பாதி. அது கைக்கு வராமல் ஒரு முழம் ரிப்பன்கூட வெட்டுவதில்லை. மீதியைக் கூடை வாசலைத் தாண்டுமுன் வாங்கிவிடுங்கள். கல்யாண வீட்டில் பணத்தைப் பொறுப்பாக வைத்திருப்பவர் எப்போதும் அப்போதுதான் எங்கோ போயிருப்பார்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு நடத்தும் முத்ரா கடன் திட்டத்தின் சிசு என்ற தொடக்கப் பிரிவில் 50,000 ரூபாய்வரை கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் மற்றத் திட்டங்களையும் விசாரிக்கலாம். ஆனால் ஒரு தீபாவளி, ஒரு தை மாதம் இரண்டையும் சொந்தக் காசில் பார்த்தபிறகு கடன் வாங்குங்கள். இந்தத் தொழிலுக்கு இயந்திரம் வேண்டாம், கடை வாடகை வேண்டாம். ஐந்து மாதிரிக் கூடைக்கான பணம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பதிவும் வரியும்

தின்பண்டம் விற்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து செய்தாலும் விதிவிலக்கு இல்லை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சிறு தொழிலுக்கான கட்டணம் சுமையாக இருக்காது. கிடைக்கும் 14 இலக்க எண்ணைச் சீட்டில் அச்சிடுங்கள். மூட்டையாக வாங்கிய பண்டத்தை உங்கள் உறையில் பிரித்துப் போட்டால் அதன் பெயர், சேர்மானம், எடை, பொட்டலமிட்ட நாள், எதுவரை உண்ணலாம் என்ற நாள் எல்லாம் உங்கள் பொறுப்பு. இதனாலேயே தயாரிப்பாளர் ஒட்டி, சீட்டுப் போட்ட சிறு பொட்டலங்களாகவே வாங்குகிறேன். கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் தலைவலி இல்லை.

சிறுதொழில் நிறுவனமாக உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அரசு தளத்தில் அது இலவசம். தேடினால் அதே தோற்றத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரியின் முடிவில் அரசுக்குரிய gov.in என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் இந்த வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பதிவு செய்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. பல பொருட்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்கிறது. அதற்குச் சட்டமே காட்டும் உதாரணம் இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம் எல்லாம் அடங்கிய பொட்டலம். நம்முடைய கூடையேதான்! உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி அதிகமோ, அந்த விகிதம் முழுக் கூடைக்கும் விழும். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்புக்கும் உலர்பழத்துக்கும் வரி 5 சதவிகிதம். காற்றடைத்த குளிர்பானத்துக்கு 40. அழகுக்காக ஒரு குளிர்பானப் பாட்டிலை ஓரத்தில் செருகினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆர்டர்கள் பெருகியதும் ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அனுப்புவது

உள்ளூருக்கு நம்பகமான ஆட்டோக்காரர் ஒருவர் போதும். கூடையை மடியில் வைக்கச் சொன்னால் மடியில் வைப்பவராக இருக்க வேண்டும். நேரம் கேட்கும்போது ராகுகாலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை பலர் சீர் வாங்க மாட்டார்கள். அந்த நேரத்தில் போன என் ஆள் வாசல் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காத்திருந்ததற்கான கூலியை நான் கொடுத்தேன்.

வெளியூர் என்றால் கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். 40, 30, 30 அளவுள்ள பெட்டிக்கு 7.2 கிலோ வரும். உள்ளே இருப்பது இரண்டரைக் கிலோதான் என்றாலும் கட்டணம் 7.2 கிலோவுக்கு. கைப்பிடி உயர்ந்த கூடையை வெளியூருக்கு அனுப்பாதீர்கள். தட்டையான ஓலைப்பெட்டியோ அட்டைப்பெட்டியோதான் சரி. அனுப்பும் மாதிரியைத் தனியாகவே வடிவமைத்துவிடுங்கள்.

பண்டிகைக்கு எட்டு நாள் முன்பு வெளியூர் ஆர்டரையும், நான்கு நாள் முன்பு உள்ளூர் ஆர்டரையும் நிறுத்திவிடுவேன். கடைசி நாளில் வரும் பணம் இனிக்கும். அந்தக் கூடைகளில்தான் வாழ்த்து அட்டை மாறிப்போகும், பெயர் தப்பாகும், பாட்டில் உடையும்.

படமும் நோட்டும்

படம் எடுக்கக் கேமரா வாங்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம், பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, கைபேசி. ஃபிளாஷ் போடாதீர்கள், ஜரிகை எல்லாம் வெளுத்துவிடும். கூடைக்குள் என்னென்ன, எவ்வளவு எடை என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிட்டால் கேள்விகள் பாதியாகக் குறையும். வாட்ஸ்ஆப்பில் வணிகக் கணக்குத் திறந்து மூன்று மாதிரியையும் விலையோடு ஏற்றிவிடுங்கள். "விலைக்கு அழைக்கவும்" என்று போட்டால் வேலையில்லாதவர்கள்தான் அழைப்பார்கள்.

கடைசியாக ஒரு நீளவாக்கு நோட்டு. ஆர்டர் கொடுத்தவர் பெயர், யாருக்காக, என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை. என் நோட்டில் ஆவணி 17க்கு நேரே "எண்ணெய்க்காரர் வீட்டு மகள் கல்யாணம், 21 தட்டு, அப்பாவுக்குச் சர்க்கரை, முந்திரி மட்டும்" என்று இருக்கிறது. மறு ஆண்டு ஆவணி 5ஆம் தேதி அழைத்துக் கல்யாண நாள் வருகிறதே என்றேன். "அட, நாங்களே மறந்துவிட்டோம்" என்றார் அந்த அம்மா. ஒரு கூடைக்கு ஆர்டர் வந்தது. தை பிறந்ததும் வளைகாப்பு என்று சேர்த்துச் சொன்னார். அதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவைத்தேன்.